எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனாலும் மூச்சு பத்தவில்லை: பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர்

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரையில் பள்ளி ஆசிரியை, வயது 38. சில மாதங்களாக ஒரு தொல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட மூச்சு முழுசாக உள்ளே போகாத மாதிரி இருக்கிறது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தால் எப்போதாவது ஒரு தடவை நெஞ்சு நிறையும். அதுவரை ஒரே தவிப்பு. கொட்டாவி ஓயாமல் வருகிறது. பாடம் நடத்தும்போது நெஞ்சு இறுகும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, லேசான கிறுகிறுப்பு. ஆனால் மாடிப்படி ஏறினால் ஒன்றும் ஆவதில்லை. இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், நெஞ்சு எக்ஸ்ரே, குழாயில் ஊதிப் பார்க்கும் டெஸ்ட், தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். முதலில் பார்த்த இடத்தில் "டென்ஷன்தாம்மா, எதையும் யோசிக்காதீங்க" என்று தூங்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது பார்க்கும் நுரையீரல் டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நுரையீரல் நன்றாக இருக்கிறது, நீங்கள் மூச்சு விடும் விதம்தான் மாறிப்போயிருக்கிறது. மூச்சுக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டில், "பிசியோ என்றால் முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும்தானே, மூச்சுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கிறார்கள். யாராவது போயிருக்கிறீர்களா? அங்கே என்னதான் நடக்கும்?

தேனிச்சாரல்:

சகோதரி, காசைக் கரியாக்காதீர்கள். காலையில் எழுந்து கபாலபாதி செய்யுங்கள், முடிந்த அளவு ஆழமாக இழுத்து விடுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய மூணு பந்து கருவி வீட்டில் இருக்குமே, அதையும் தினமும் இழுங்கள். நுரையீரல் விரிந்துவிடும்.

கடலோரம்:

மதமதப்பு வரும்போது காகிதப் பையை மூக்கு வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டால் சரியாகிவிடும். என் அண்ணனுக்கு ஒரு டாக்டர் சொன்னது.

பிசியோ_திருச்சி:

வைகைக்கரை மேடம், மூச்சுப் பயிற்சிதான் என் அன்றாட வேலை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன யோசனைகளை இப்போதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அவை பொருந்தாது.

ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு போதும். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் அரை லிட்டர் காற்று. இந்தத் தொல்லை உள்ளவர்களில் பலர் அதைவிடக் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் பெரிதாக, நடுநடுவே பெருமூச்சோடு விடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. இப்படி அதிகமாக விடுவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது, அது ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்திருக்கிறது. கூடுதல் மூச்சு செய்யும் ஒரே வேலை, கார்பன் டை ஆக்சைடை வெளியே கொட்டுவது. அதை வெறும் கழிவு என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ரத்தத்தின் அமில-காரச் சமநிலை அதை நம்பித்தான் இருக்கிறது. அது இறங்கினால் ரத்தம் காரப் பக்கம் சாயும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதுதான் உங்கள் கிறுகிறுப்பு. நரம்புகளுக்கு வேண்டிய அயனிக் கால்சியம் குறையும், அதுதான் விரலிலும் உதட்டிலும் வரும் மதமதப்பு. போதாக்குறைக்கு ஹீமோகுளோபின் தன்னிடம் உள்ள ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டென்மார்க்கில் கிறிஸ்டியன் போர் 1904இலேயே இதைக் காட்டிவிட்டார்.

இப்படியே பல வாரம் ஓடினால் சிறுநீரகம் காரப் பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். உடம்பு குறைந்த கார்பன் டை ஆக்சைடுக்கே பழகிவிடும். அப்புறம் அளவு சாதாரண நிலைக்கு ஏறினாலே "காற்று பத்தவில்லை" என்று மூளை குரல் கொடுக்கும். நீங்கள் இழுப்பீர்கள், அளவு மறுபடி இறங்கும். வயிற்றால் சின்னதாக, மெதுவாக மூச்சு விடப் பழக்கி அந்தச் சுழலை உடைப்பதுதான் எங்கள் வேலை.

மூச்சு நிறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் முந்தைய மூச்சை முழுசாக வெளியே விடாமலே அடுத்ததை இழுக்கிறீர்கள். நெஞ்சுக்கூடு பாதி உப்பிய நிலையிலேயே நிற்கிறது. நிறைகுடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? படி ஏறும்போது தொல்லை இல்லாததற்கும் காரணம் உண்டு. அப்போது தசைகள் நிறைய கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகின்றன, உங்கள் மூச்சும் தேவையும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடுகின்றன. ஓய்வில் தவிப்பு, வேலை செய்யும்போது இல்லை என்பது எங்களுக்கு முக்கியமான துப்பு.

மூணு பந்து கருவி அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வலியால் மேலோட்டமாக மூச்சு விடுபவர்களுக்குத் தருவது. பெரிய மூச்சாக இழுக்கப் பழக்கும். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம், எடுத்து உள்ளே வையுங்கள். கபாலபாதியும் வேக மூச்சுதான். மெதுவான பிராணாயாமத்துக்கு நான் எதிரி இல்லை, என்னிடம் வருபவர்கள் பலர் பிற்பாடு அதற்குத் திரும்புகிறார்கள். ஆனால் அடிப்படை மூச்சு நிதானப்பட்ட பிறகு.

கடலோரம் சார், காகிதப் பை மிகவும் பழைய முறை, இப்போது கைவிடப்பட்டது. நெஞ்சு இறுகி மூச்சு வாங்குபவருக்கு உண்மையில் மாரடைப்போ, ஆஸ்துமாவோ, நுரையீரலில் ரத்தக் கட்டியோ இருந்தால், பைக்குள் மூச்சு விடுவது ஆக்சிஜனைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மேடம் எல்லா டெஸ்ட்டும் எடுத்த பிறகு வந்திருக்கிறார், அதுதான் சரியான வரிசை. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, கால் வீங்குகிறதா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா, வீசிங் இருக்கிறதா, முதலில் டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலியோடு வியர்த்துக் கொட்டினாலோ உதடு நீலம் பாரித்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளி திடீரென்று வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரம். அந்த மூச்சை யாரும் "பயிற்சி" கொடுத்து அடக்கக் கூடாது.

கிழக்குலண்டன்:

வைகைக்கரை அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். எனக்கு இது கோவிட் வந்து மாறின பிறகு தொடங்கியது. இங்கே ஜீபி (குடும்ப டாக்டர்) என்னை ஆஸ்பத்திரியில் இருக்கிற மூச்சு பிசியோவிடம் அனுப்பினார். எனக்கும் முதலில் நம்பிக்கை இல்லை.

போன உடனே ஒரு கேள்வித்தாள் தந்தார்கள். நைமேகன் என்று பெயர், நெதர்லாந்து நாட்டு ஊர். 16 கேள்வி. விரல் விறைக்கிறதா, வயிறு ஊதுகிறதா, கை கால் குளிருகிறதா, பதகளிப்பு (பதற்றம்) வருகிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போடச் சொன்னார்கள். 64க்கு 23ஐத் தாண்டினால் மூச்சு முறையில் பிழை இருக்கலாம் என்று அர்த்தம். எனக்கு நல்லாவே தாண்டிவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று நான் நினைத்திருந்த எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்ததைப் பார்க்க அழுகை வந்துவிட்டது. ஒரு வருத்தத்துக்கு, அதாவது நோய்க்கு, பெயர் இருக்கிறது என்று தெரிவதே பாதி ஆறுதல்.

மனதுக்குத்தான் வருத்தம் என்று யாரும் சொன்னால் அதோடு நிற்காதேங்கோ. கட்டாயம் போங்கோ.

கேள்விக்குறி:

எல்லாம் சரி, ஆதாரம் எவ்வளவு உறுதியானது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் இந்தப் பிரச்சினைக்கான மூச்சுப் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தேறியது ஒரே ஒரு சிறிய ஆய்வு, அதில் 45 பேர். பயன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது என்றுதான் முடித்தார்கள். கார்பன் டை ஆக்சைடு விளக்கத்துக்கும் 1996இல் லான்செட் மருத்துவ இதழில் அடி விழுந்தது. வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் செய்து, ஆனால் கார்பன் டை ஆக்சைடு இறங்காமல் பார்த்துக்கொண்டபோதும் நிறையப் பேருக்கு அதே அறிகுறிகள் வந்தன. நான் எதிர்க்கவில்லை, பணமும் நேரமும் செலவழிப்பவர்களுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

பிசியோ_திருச்சி:

கேள்விக்குறி சார், இரண்டும் உண்மை, நான் மறுக்கப் போவதில்லை. 1996 ஆய்வுக்குப் பிறகு கார்பன் டை ஆக்சைடை மட்டும் காரணமாகச் சொல்வதை விவரம் தெரிந்தவர்கள் விட்டுவிட்டார்கள். மூச்சின் ஒழுங்கு குலைவது, மேல் நெஞ்சுத் தசைகளின் களைப்பு, உடம்பின் சின்னச் சின்ன உணர்வுகளைப் பயத்தோடு கவனிப்பது எல்லாம் சேர்ந்துதான் இந்தத் தொல்லை. அதனால்தான் "அதிக மூச்சு நோய்" என்ற பழைய பெயர் போய், "மூச்சு முறைக் கோளாறு" என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஆஸ்துமாவோடு சேர்ந்து வரும்போது ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் 655 ஆஸ்துமா நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவுக்குப் பிசியோ நேரில் சொல்லிக்கொடுத்தார், இன்னொரு பிரிவுக்கு அதே பயிற்சி டிவிடியும் சிறு புத்தகமுமாகப் போனது, மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் பயிற்சி செய்த இரு பிரிவினருக்கும் அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது. டிவிடி நேர்ப் பயிற்சிக்குச் சளைக்கவில்லை. என் தொழிலுக்கு அது கொஞ்சம் சங்கடமான முடிவுதான், ஆனாலும் பிசியோ கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி!

அதே ஆய்வில் நுரையீரலின் அளவுகள் மாறவில்லை, அழற்சியும் மாறவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: மூச்சுப் பயிற்சி ஆஸ்துமாவைக் குணமாக்காது. இன்ஹேலரை நிறுத்தச் சொல்லும் யாரிடமும் பயிற்சிக்குப் போகாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய படிப்பு படித்திருந்தாலும் சரி.

பிசியோவுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டார்களே, அதற்கும் பதில் உண்டு. 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க டாக்டர், உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் படபடப்பு, மூச்சுத் தவிப்பு, கிறுகிறுப்பைப் பார்த்து "எரிச்சலுற்ற இதயம்" என்று எழுதினார். இதயத்தில் கோளாறு தெரியவில்லை. 1960களில் இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனையில் கிளாட் லம் என்ற நெஞ்சு டாக்டர், இதயநோய் என்று அனுப்பப்பட்டு இதயம் நன்றாக இருப்பவர்களை வரிசையாகப் பார்த்தார். மூச்சு விடும் பழக்கமே மாறியிருக்கிறது என்று கண்டு, பழக்கத்தை மாற்றும் வேலையைத் தன்னுடன் இருந்த பிசியோதெரபிஸ்ட்டுகளிடம் ஒப்படைத்தார். டயானா இன்னசென்டி, ரோஸ்மேரி கிளஃப் என்ற அந்த இருவரும் உருவாக்கியதுதான் பாப்வொர்த் முறை. நம் தாம்பரம் சானடோரியம் மாதிரி பாப்வொர்த்தும் காசநோய் இல்லமாகத் தொடங்கிய இடம்தான். மூச்சை உட்கார்ந்து கவனிக்கும் பொறுமை அங்கே ஏற்கெனவே இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

கொடைரோடு:

சார், என் அம்மாவுக்கு 67 வயது. பல வருடம் விறகடுப்பில் சமைத்தவர். சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அவருக்கும் இதே வயிற்று மூச்சுப் பயிற்சி கொடுக்கலாமா?

பிசியோ_திருச்சி:

தம்பி, அம்மாவுக்கு வேறு வழி. சிஓபிடியில் காற்றுக்குழாய்கள் சுருங்கிக் காற்று உள்ளேயே தேங்குகிறது, நோய் முற்றினால் உதரவிதானம் (நுரையீரலுக்கு அடியில் உள்ள மூச்சுத் தசை) தட்டையாகிவிடும். அப்போது வயிற்று மூச்சை வற்புறுத்தினால் சிலருக்குத் தவிப்பு கூடும். அவருக்கு உதவுவது உதடு குவித்து விடும் மூச்சு. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விட வேண்டும். மூச்சு வாங்கும்போது உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்ஹேலர் சரியாக எடுக்கிறாரா என்று டாக்டர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். கூடவே நடைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி அவசியம். வெளியே கூட்டிப் போக முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முடிந்தால் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள், புகை நிற்காமல் எந்தப் பயிற்சியும் பாதிதான்.

வைகைக்கரை:

போய்வந்துவிட்டேன். இங்கே கேட்காமல் இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன், எல்லோருக்கும் நன்றி.

மூச்சு சிகிச்சையில் மேற்படிப்பு படித்த ஒரு மேடம். முதலில் ஒன்றுமே செய்யவில்லை, பேச மட்டும் விட்டார். என் வகுப்பு, பிள்ளைகள், வீடு என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். முடித்ததும், "ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் வாயால் 'ஹக்' என்று காற்றை அள்ளுகிறீர்கள், தோள் மேலே ஏறுகிறது, கவனித்தீர்களா?" என்றார். சத்தியமாக எனக்குத் தெரியாது. நாள் முழுக்க வகுப்பில் அப்படித்தான் பேசுகிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு கீழ் விலா எலும்பில் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். விலா அசையவே இல்லை, கழுத்துத் தசைகள்தான் கயிறாக இழுத்துக்கொண்டிருந்தன. "பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். இடுப்பில் தடம் பதியும் அளவுக்கு. வயிறு வெளியே தெரியக் கூடாது என்று எக்கிக்கொண்டே நிற்பதும் பழக்கம். வயிறு முன்னால் வர இடமில்லாவிட்டால் உதரவிதானம் எங்கே இறங்கும் என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. இப்போது தளர்த்திக் கட்டுகிறேன். இதைப் பெண்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வாயை மூடி, மூக்கால், சத்தமில்லாமல் சின்ன மூச்சு. மேல் கை அசையக் கூடாது, கீழ்க் கை மட்டும் மெதுவாக எழ வேண்டும். வெளியே விடுவதைத் தள்ளாமல், தானாக இறங்க விட வேண்டும். முடிவில் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு அடுத்தது. காற்று பத்தாத உணர்வு லேசாக வரும், அதைத் தாங்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள், மல்லுக்கட்டாதீர்கள் என்றார். பெருமூச்சு வந்தால் எச்சிலை விழுங்கிவிட்டு மூக்கால் சின்னதாகத் தொடரச் சொன்னார். இது எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார், அது கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது, 99ஐப் பார்த்துக்கொண்டே பயப்படுவதில் என்ன லாபம் என்று.

முதலில் சில நாள் எரிச்சலாக இருந்தது, நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இப்போது உட்கார்ந்தும் நின்றும் செய்கிறேன். மதமதப்பு நின்றுவிட்டது. கொட்டாவி குறைந்திருக்கிறது. தவிப்பு முழுசாகப் போகவில்லை, வகுப்பில்தான் இன்னும் சிரமம். பிசியோ சார், பேசும்போது எப்படிச் சமாளிப்பது?

பிசியோ_திருச்சி:

ரொம்ப சந்தோஷம் மேடம். உங்களுக்கு நல்ல கை கிடைத்திருக்கிறது. பேசும்போதுதான் எல்லோருக்கும் கடைசியாகப் பிடிபடும், ஆசிரியர்களுக்கு இன்னும் கஷ்டம். வாக்கியங்களைச் சுருக்குங்கள். முற்றுப்புள்ளி வந்ததும் வாயை மூடுங்கள், மூக்கால் காற்று தானே வரட்டும், அப்புறம் அடுத்தது. வீட்டில் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துப் பழகுங்கள். கரும்பலகையில் எழுதும் நேரத்தை ஓய்வாக எடுத்துக்கொள்ளுங்கள், எழுதிக்கொண்டே பேச வேண்டாம். பின் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று கத்துவதை விட்டு, நடந்து போய்ப் பேசுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த மேடத்திடம் ஒரு பாடத்தை நடத்தியே காட்டுங்கள், நேரில் பார்த்துத் திருத்துவதற்கு ஈடு எதுவும் இல்லை.

தேனிச்சாரல்:

படித்தேன் சார். என் மகளுக்கு 13 வயது, கபடி ஆடுகிறாள். வேகமாக ஓடினால் இழுக்கும்போது தொண்டையில் ஒரு சத்தம், மூச்சு அடைக்கிறது என்கிறாள். உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பலனே இல்லை. அவளுக்கும் இந்த வயிற்று மூச்சைச் சொல்லிக்கொடுக்கட்டுமா?

பிசியோ_திருச்சி:

சார், நீங்களாக எதுவும் தொடங்க வேண்டாம். வெளியே விடும்போது வரும் விசில் ஆஸ்துமா பக்கம். உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம், ஓட்டம் நின்றதும் சீக்கிரம் சரியாவது, இன்ஹேலருக்குக் கேட்காதது, இந்த மூன்றும் சேர்ந்தால் குரல்வளை சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விளையாடும் வளர்பருவப் பிள்ளைகளிடம் இது வருவதுண்டு, ஆஸ்துமா என்று தவறாக நினைப்பதும் நடக்கிறது. அடுத்த முறை ஓடும்போது அந்தச் சத்தத்தைச் செல்போனில் வீடியோ எடுங்கள். அதை முதலில் நுரையீரல் டாக்டரிடமும், பிறகு காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் காட்டுங்கள். மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டு குரல்வளையைப் பார்ப்பார்கள். ஓய்வில் பார்த்தால் நார்மலாகத் தெரியலாம், ஓடவிட்டுப் பார்க்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். உறுதியானால் பேச்சுப் பயிற்சியாளரும் பிசியோவும் சேர்ந்து பழக்குவார்கள். அதுவரை டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள், கபடியையும் நிறுத்த வேண்டாம். மூச்சு அடைத்தால் உட்கார்ந்து நிதானப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், பயிற்சியாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீடியோ எடுத்த பிறகு இங்கேயே எழுதுங்கள்.